உப்புப் பானையில் ஒளித்த மாத்திரைகள்

ஐயா மகனே,

இதை நானே எழுதுகிறேன். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல எழுதி வாங்கியது அல்ல. நாளுக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டு காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்காருகிறேன். அரைப் பக்கம் தாண்டினால் விரல் பிடித்துக்கொள்கிறது, ஆனாலும் எழுந்திருக்க மனம் வருவதில்லை. நாற்பது வருடம் உப்பளத்தில் உப்பை இழுத்துக் குவிக்கும் வாருபலகை பிடித்த கைக்குப் பென்சில் கனமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எழுபத்திரண்டு வயதில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்று, நீ அனுப்பும் போன் செய்தியை நானே எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன். கடைப் பலகை, பஸ்ஸின் நெற்றி, சுவரில் ஒட்டிய கல்யாண போஸ்டர், எதையும் விடுவதில்லை. உன் அம்மாவுக்கு என்னோடு டவுன் பஸ்ஸில் போகவே வெட்கமாக இருக்கிறதாம். "எல்லாப் போர்டையும் சத்தமா வாசிக்காதீங்க, நாலு பேரு பாக்காவ" என்கிறாள். பார்க்கட்டும்.

விடுப்பு முடிந்து நீ வேலைக்குத் திரும்பிய அன்று உன்னை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு ஆட்டோவில் வந்தோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா செம்பில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, "அவன் மாத்திரைய நிறுத்தப் போறானாம்" என்றாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று சொன்னாயாம். துறைமுகத்தில் வாக்கி டாக்கியில் கிரேன்காரருக்குச் சொல்ல வேண்டிய சொல் பாதியில் நின்றுவிடுகிறது, மேலதிகாரி, குடித்துவிட்டு வந்திருக்கிறாயா என்று கேட்டான் என்றாயாம். "எனக்கு இப்ப நல்லாத்தானம்மா இருக்கு, இனி எதுக்கு அந்தச் சனியன்" என்றாயாம். அப்பாவிடம் சொல்லாதே என்று வேறு சொல்லியிருக்கிறாய். உன் அம்மா எதை என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறாள்?

அது மனசுக்குக் கொடுத்த மாத்திரை என்பது எனக்குத் தெரியும். போன வருடம் நீ போனில் பேசாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்த மாதங்கள் எனக்கு மறக்கவில்லை. தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, காரணம் தெரியாமல் அழுகை வருகிறது என்று நீ டாக்டரிடம் போனதே பெரிய காரியம். நான் உன் வயதில் போயிருக்க மாட்டேன். இந்த முறை வந்தபோது நீ மீன் குழம்புக்கு இரண்டாம் முறை சோறு கேட்டாய். நம் ஊர் ஹார்பர் பீச்சில் தங்கச்சி பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடினாய். அது அந்த மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை. நல்லா இருக்கிறது என்பதால் நிறுத்துகிறேன் என்றால், எதனால் நல்லா இருக்கிறதோ அதை நிறுத்துகிறாய். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பாய். நான் அப்படி ஒரு மாத்திரையை நிறுத்தியவன். அதனால் உனக்கு என்ன நட்டம் வந்தது என்று உனக்கே தெரியாது. நானும் அம்மாவும் நாலு வருடமாக மறைத்து வைத்திருக்கிறோம். அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

முதலில் தாகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அளத்தில் வேலை பார்த்தவன் தண்ணீரை மதிப்பான், ஆனால் அடிக்கடி குடிக்க மாட்டான். பாத்தியில் இறங்கினால் வெயில் ஏறும்வரை கரைக்கு வருவதில்லை. வந்து ஒரே மூச்சில் ஒரு செம்பு, பிறகு வேலை முடிந்து ஒரு செம்பு. இடையில் தண்ணீர் கேட்டவனை, "என்னலே, கல்யாண வீட்டுக்கு வந்திருக்கியா?" என்று கேலி செய்வோம். வாய் காய்வது எங்களுக்கு நோய் இல்லை, தொழில். அதனால் வேலையை விட்டு வீட்டு நிழலில் உட்கார்ந்த பிறகும் வாய் காய்ந்தபோது, எனக்கு அதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை.

காலில் வீக்கம் வந்து, இருதயம் தளர்ந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்ற ஒரு மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது, படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது. வாய் மட்டும் முன்பைவிட இரண்டு மடங்கு காய்ந்தது. அதுவரை காய்ந்த பாத்திபோல இருந்தது, இப்போது பாத்தி வெடித்ததுபோல ஆனது. ரொட்டியை மென்றால் மாவாகச் சுற்றிச் சுற்றி வரும், விழுங்க முடியாது. பேசினால் நாக்கு 'டக் டக்' என்று சத்தம் போடும். டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய் காயுது என்று ஒரு ஆண்பிள்ளை டாக்டரிடம் போய்ச் சொல்வானா என்று இருந்துவிட்டேன்.

நானே வைத்தியம் பார்த்தேன். முதல் வைத்தியம் உப்பு. நமக்குத் தெரிந்த மருந்து அதுதானே. ஒரு கைப்பிடி உப்பை டம்ளரில் கரைத்து, கிட்டத்தட்ட உப்பு விளையும் கடைசிப் பாத்தித் தண்ணீர்போலக் கெட்டியாக்கி வாயில் வைத்துக் கொப்பளித்தேன். காய்ந்த வாயில் அது எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று நினைத்து இன்னொரு முறை கொப்பளித்தேன். உள்கன்னம் புண்ணாகிவிட்டது. இரண்டாவது வைத்தியம் பனங்கற்கண்டு. ஒரு துண்டை எப்போதும் இடது கடவாயில் ஒதுக்கி வைத்திருப்பேன். பனைக்காட்டு வீட்டில் பிறந்தவனுக்குப் பனங்கற்கண்டு இனிப்புப் பண்டம் இல்லை, மருந்து. கொஞ்சம் எச்சில் ஊறும், அது கரைந்ததும் முன்பைவிட அதிகமாகக் காயும், அடுத்த துண்டைப் போடுவேன். இப்படி ஒரு வருடம்.

அந்த நேரத்தில்தான் உன் தங்கச்சிக்கு ஸ்ரீவைகுண்டத்தில் சம்பந்தம் அமைந்தது. உன் பெரியப்பா நம் வீட்டுக்கு ஏன் வருவதில்லை என்று உனக்குத் தெரியும். எங்கள் தங்கை கல்யாணத்தில் மண்டப வாசலில் நின்றவன் நான். அவர் உள்ளே வந்தபோது நான் சமையல்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன், 'வாங்க' என்று சொல்லவில்லை. சாப்பிடாமல் திரும்பிப் போனார். "வான்னு ஒத்த வார்த்த சொல்ல அவனுக்கு வாயி வலிக்கோ?" என்று ஊர் முழுக்கச் சொன்னார். சொந்த அண்ணன், இருபது வருடமாகப் படி மிதிக்கவில்லை. இப்போது பெண்ணைப் பெற்றவனாக நான் வாசலில் நிற்க வேண்டும். வருகிற ஒவ்வொருவரையும் முகம் பார்த்து, உறவுமுறை சொல்லி, வாய் திறந்து கூப்பிட வேண்டும். கை மட்டும் கும்பிட்டால் போதாது என்பது உனக்கும் தெரியும். ஒட்டிய நாக்கை வைத்துக்கொண்டு எண்ணூறு பேரை எப்படிக் கூப்பிடுவது என்று நினைத்தேன். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்த மாத்திரையை நிறுத்தினேன்.

உன் அம்மா காலையில் மாத்திரையை உரித்து உள்ளங்கையில் வைத்து, தண்ணீரும் தந்து, நான் வாயில் போடுவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். அவள் நகர்ந்ததும் துப்புவேன். வாய் காய்ந்தவனுக்கு அதில் ஒரு வசதி, மாத்திரை கரையவே கரையாது. எங்கே போடுவது? குப்பையில் போட்டால் பார்த்துவிடுவாள். அடுப்படி மூலையில் நம் உப்புப் பானை இருக்கிறதே, அதற்குள் விரலை விட்டு ஆழத்தில் புதைத்தேன். அளத்துக்காரன் வீட்டில் உப்பு குறையவே விடமாட்டோம், குறையக் குறைய மேலே கொட்டுவோம். அடி உப்பை யார் பார்த்தது? வெள்ளைக்குள் வெள்ளை, மாத்திரையின் நடுவில் இருக்கும் கோடு மட்டும்தான் வித்தியாசம்.

உண்மையைச் சொன்னால் முதல் வாரம் வாய் சற்று ஈரமாகத்தான் இருந்தது. நான் கெட்டிக்காரன் என்று நினைத்தேன். பிறகு செருப்பு இறுகியது. பிறகு படுத்தால் மூச்சு முட்டியது, சுவரில் சாய்ந்துதான் கண் மூடினேன். கல்யாண அலைச்சல் என்று எல்லோரிடமும் சொன்னேன். முகூர்த்தத்தன்று காலை வாசலில் நின்றேன். எத்தனை பேரை 'வாங்க' என்றேன் தெரியுமா? முப்பது பேர் இருக்கும். முப்பத்தோராவது ஆளுக்கு வாய் திறந்தேன், வாயில் எச்சில் இருந்தது, நெஞ்சில் காற்று இல்லை. நீ ஓடி வந்து என்னைத் தாங்கி நாற்காலியில் உட்கார வைத்தாய். "யப்பா, என்ன செய்யுது? எங்கன வலிக்கு?" என்று கேட்டாய். நான் கையை ஆட்டி வாசலைக் காட்டினேன். என்னை உன் மாமா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், நீ என் இடத்தில் நின்றாய்.

பெண்ணின் உடன்பிறந்தவன் மாப்பிள்ளைக்கு மாலை போட்டுக் கைப்பிடித்து மணமேடைக்கு அழைத்துப் போக வேண்டும். நீ ஒருத்தன்தான் அவளுக்கு. வாசலை விட்டு நீ போக முடியாததால் சித்தப்பா மகன் அதைச் செய்தான். உன் தங்கச்சி கழுத்தில் தாலி ஏறியபோது என் மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. நான் அதை வீடியோவில்தான் பார்த்தேன். வீடியோவில் மாப்பிள்ளை கையைப் பிடித்திருப்பது உன் கை இல்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன். அன்றைய மூச்சுத்திணறல் வயதினால் வந்தது, வெயிலினால் வந்தது என்று நீ இதுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை ஐயா. ஒரு மனிதன் வாய் காய்வதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டதால் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "மாத்திரையெல்லாம் ஒழுங்கா போட்டீங்களா பெரியவரே?" ஒழுங்காகப் போட்டேன் என்றேன். அவர் நம்பி, மாத்திரை போதவில்லை என்று அளவைக் கூட்டி எழுதிவிட்டார். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் உன் அம்மா மாங்காய் ஊறப் போட அடி உப்பை அள்ளினாள். கையை விரித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"இது என்னது?"

"உப்புதாம்ளா."

"உப்புக்கு நடுவுல கோடு கெடக்குமா? உங்க அளத்துல கோடு போட்டுத்தான் உப்பு விளையுதோ?"

 அவள் சத்தம் போடவில்லை. சுளகை எடுத்து வந்து உட்கார்ந்து, முழுப் பானையையும் கொட்டி, அரிசியில் கல் பொறுக்குவதுபோல மாத்திரைகளைப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டாள். அழுதாள். "எனக்கு எழுத்து தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சவரு எழுதிக் குடுத்ததையும் துப்பினா நாம என்னத்த வச்சிப் பிழைக்க?" என்றாள். மறுநாள் வீட்டில் இருந்த அத்தனை மாத்திரையையும் ஒரு மஞ்சள் பையில் அள்ளிப் போட்டு, கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டர் கிண்ணத்தைப் பார்த்தார். "போடாத மாத்திரை வேலை செய்யலன்னு நான் டோஸைக் கூட்டிருக்கேன். நீங்க பொய் சொன்னா நான் கண்ணக் கட்டிக்கிட்டு வைத்தியம் பாக்க மாதிரி" என்றார். பிறகு பையை மேசையில் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்து, "இது யார் எழுதிக் குடுத்தது?" என்றார்.

"யாரும் எழுதல சார். அரிப்புக்கு. அளத்துல எல்லாரும் போடுவோம். காலி அட்டையக் காட்டினா மெடிக்கல்ல அண்ணாச்சி குடுத்துருவாரு."

"எத்தன வருசமா?"

"பதினஞ்சு இருக்கும்."

"அளத்த விட்டே அஞ்சு வருசம் ஆச்சேய்யா. இப்ப அரிக்கா?"

நான் யோசித்துப் பார்த்தேன். அரிக்கவில்லை. பழக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். "உங்க வாயைக் காய வச்சதுல பெரிய பங்கு இதுக்குத்தான்" என்றார். நீர் மாத்திரை மிச்சத்தைச் செய்திருக்கிறது. உயிரைக் காத்த மாத்திரையைப் பானையில் புதைத்துவிட்டு, வாயைக் காய வைத்த மாத்திரையைத் தினமும் மறக்காமல் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அதை நிறுத்தச் சொன்னார். நீர் மாத்திரையின் கூட்டிய அளவை மறுபடி குறைத்தார். பத்து நாளில் பாதி ஈரம் திரும்பிவிட்டது. முழுதாக இன்றுவரை திரும்பவில்லை.

அங்கேயே பல் டாக்டரிடமும் போகச் சொன்னார்கள். சின்ன வயதுப் பெண். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைப் பிடித்ததும், "தாத்தா, இடது பக்கம் மட்டும் வரிசையா சொத்தையா இருக்கே, அங்க என்ன வைப்பீங்க?" என்றாள். "பனங்கற்கண்டு டாக்டரம்மா. மருந்துதான?" என்றேன். "எச்சி ஊறுற வாய்க்கு அது மருந்தோ என்னமோ. காஞ்ச வாயில நாள் பூரா கெடந்தா அதுவும் சீனிதான். பல்லக் கழுவி விடுறது எச்சி தாத்தா. அது இல்லாதப்ப சீனிய ஊற வச்சா பல்லு என்ன செய்யும்?" நாலு பல் போயிற்று. இன்று நான் வலது பக்கமே மெல்லுகிறேன்.

இப்போது எப்படிச் சமாளிக்கிறேன் என்று சொல்கிறேன். இருதயம் தளர்ந்த எனக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்பதால், அம்மா காலையில் பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்துவிடுவாள். முன்பு செம்பு செம்பாகக் குடித்தவன் இப்போது ஒரு மடக்கு எடுத்து, வாய் முழுக்கச் சுற்றி, மெல்ல விழுங்குகிறேன். செம்பு வயிற்றுக்குப் போகும், மடக்குதான் வாய்க்குப் போகும். இது எனக்குப் புரிய எழுபது வயது ஆனது. சோற்றைக் குழையப் பிசைந்து ரசமோ மோரோ விட்டுச் சாப்பிடுகிறேன், அதையும் அம்மா அந்த ஒன்றரை லிட்டரில்தான் சேர்ப்பாள். ரொட்டி, முறுக்கு பக்கம் போவதில்லை. உமிக்கரியை விட்டுவிட்டு டாக்டரம்மா சொன்ன புளோரைடு பேஸ்டால் இரண்டு வேளை துலக்குகிறேன். உப்புக் கொப்பளிப்பை முழுதாக விடச் சொல்லவில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால் ஸ்பூன் உப்பு, கால் ஸ்பூன் சமையல் சோடா, அவ்வளவுதான். அளத்துக்காரனுக்குக் கால் ஸ்பூன் உப்பு என்றால் சிரிப்புதான் வந்தது. ஆனால் எரியவில்லை. உதட்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். சீனி இல்லாத சூயிங்கம் என்று ஒன்று இருக்கிறது, மென்றால் எச்சில் ஊறும் என்று அதையும் டாக்டரம்மா சொன்னாள். இருக்கிற பற்களுக்கு அது ஆகவில்லை, உனக்கு ஆகும். அப்படியும் போதாதவர்களுக்கு எச்சிலுக்குப் பதிலாகவே ஒரு மருந்து இருக்கிறதாம், வாயில் அடித்துக்கொள்வது. வாயில் புண்ணோ வெள்ளைப் படலமோ கண்டால் காத்திருக்காமல் வரச் சொல்லியிருக்கிறாள்.

நீ இங்கே இருந்த இருபது நாளும் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உன் சட்டைப் பையில் எப்போதும் புதினா மிட்டாய். அது உன் பனங்கற்கண்டு. ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கடுங்காப்பி, மாடியில் போய் சிகரெட், எனக்குத் தெரியாது என்று நினைப்பு. இரண்டும் வாயைக் காய வைக்கும். அங்கே தூசிக்குத் தும்மல் வருகிறது என்று ஒரு சளி மாத்திரையும் போடுகிறாய், கட்டிலுக்கு அடியில் காலி அட்டை கிடந்தது. பெயர் இங்கிலீஷில் இருந்ததால் என்னால் வாசிக்க முடியவில்லை. அது என் அரிப்பு மாத்திரையின் தம்பியாகக்கூட இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் டாக்டர் இல்லை, நீயும் இல்லை. நீ போடும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, உனக்கு மாத்திரை எழுதியவரிடமே போ. வாய் ஒட்டுகிறது, வேலையில் பேச முடியவில்லை என்று நேராகச் சொல். அளவைக் குறைப்பாரோ, வேறு மாத்திரை மாற்றுவாரோ, போடும் நேரத்தை மாற்றுவாரோ, அது அவர் வேலை. ஒருநாள் நிறுத்த வேண்டியதும் வரலாம், அப்போது படிப்படியாக அவரே நிறுத்துவார். அதுவரை நீயாக நிறுத்தாதே. நிறுத்தியிருந்தால் அதையும் அவரிடம் மறைக்காதே.

எங்கள் மாலை வகுப்பில் பதினோரு பேர். எல்லோரும் சர்க்கரைக்கோ பிரஷருக்கோ ஏதோ ஒன்றுக்கு மாத்திரை போடுகிறவர்கள். சத்தமாக வாசிக்கச் சொன்னால் நாலாவது வரியில் எல்லோருக்கும் நாக்கு ஒட்டும். டீச்சர் எழுத்து தெரியவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி சொல்லிக் கொடுப்பார். வெட்கத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. போன வாரம் நான் எழுந்து, "டீச்சர், எங்களுக்கு எழுத்து தெரியுது, எச்சிதான் இல்ல" என்றேன். வகுப்பே சிரித்தது. இப்போது எல்லோர் பெஞ்சிலும் ஒரு பாட்டில் இருக்கிறது. இந்தக் கடிதத்தை அவர்களுக்கும் வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார் டீச்சர். அதனால்தான் இதில் உன் பெயரை எழுதவில்லை. எழுதிப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது, தனித்தாளில் பத்து முறை எழுதி வைத்திருக்கிறேன். இதை எழுதும்போது ஒன்று கண்டுபிடித்தேன். எழுதுவதற்கு எச்சில் வேண்டாம். எவ்வளவு காய்ந்த வாயை வைத்துக்கொண்டும் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம்.

அடுத்த விடுப்பில் உனக்குப் பெண் பார்க்க வேண்டும் என்கிறாள் அம்மா. அது உன் விருப்பம், உன் உடம்பும் மனசும் சரி என்று சொல்லும்போது பார்க்கலாம். எப்போது நடந்தாலும் வாசலில் நான்தான் நிற்பேன். காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு வந்து நிற்பேன், அம்மாவிடம் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு. வேட்டி மடிப்பில் பாட்டில் இருக்கும். பத்துப் பேரை 'வாங்க' என்பேன், ஒரு மடக்குக் குடிப்பேன், அடுத்த பத்துப் பேரை 'வாங்க' என்பேன். யாராவது, "பெரியவரு என்ன வாசல்ல நின்னு குடிக்காரு" என்று கேட்டால் கேட்கட்டும். உன் தங்கச்சி கல்யாணத்தில் ஒரு மடக்குத் தண்ணீரில் முடிந்திருக்க வேண்டிய காரியம் அது. நீ உள்ளே உன் இடத்தில் நில். யாருக்காகவும் வாசலுக்கு ஓடி வராதே.

உன் அப்பா
(கையெழுத்து என்னுடையதுதான், கைநாட்டு இல்லை)